ஆள் குறையுது

அச்சுக்குப் போகுமுன் ஒரு பக்கத்தை வாசித்துப் பார்க்கும் மற்றவர்கள் எழுத்துப் பிழை சொல்வார்கள். அவர் ஆள் பிழை சொல்வார். கோடு போடும் மர அடிமட்டம் ஒன்றை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கி, கடைசி வரிக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். பிறகு, "பிள்ளை, இதிலை ஆள் குறையுது" என்பார். இருபது தரத்தில் பதினைந்து தரம் அப்படித்தான் முடியும்.

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் இருக்கும் அச்சகம் எங்களுடையது. ஒரு பக்கம் நகைக்கடை, மறுபக்கம் பல் வைத்தியர். கலியாண அட்டை, சாமத்தியவீட்டு அட்டை, கோயில் நாட்காட்டி எல்லாம் அடிப்போம். ஆனால் வாரம் தவறாமல் வருவது மரண அறிவித்தல்தான். சனம் சாவதை நிறுத்துவதில்லை. நான் தட்டச்சும் வடிவமைப்பும். அவர் பிழை திருத்துபவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்து நாலு வயது, அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணை. எனக்கும் அண்ணை.

எங்கள் மரண அறிவித்தலுக்கு ஒரு வாய்பாடு உண்டு. எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், யாருடைய புத்திரர், யாருடைய கணவர், யாருடைய தந்தை, யாருடைய சகோதரர், யாருடைய மாமனார், மைத்துனர், பேரன். இறந்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இராது. சுற்றி நின்றவர்களின் பெயர்தான் முழுக்க. முன்னமே இறந்தவர்களுக்கு 'காலஞ்சென்ற' என்று ஒரு அடை. அந்தப் பட்டியலை மற்றவர்கள் இருக்கிறவர்களுக்காக வாசிப்பார்கள். அவர் இல்லாதவர்களுக்காக வாசித்தார்.

"ஆரைப் போட்டிருக்கினம் எண்டு பாக்கிறது லேசு, பிள்ளை. ஆரை விட்டிட்டினம் எண்டு பாருங்கோ. அங்கைதான் சங்கதி கிடக்கும்" என்பார். எனக்கு எரிச்சல் வரும். நாளைக்குச் செத்தவீடு, சனம் போனில் நின்று கத்துகிறது, இவர் அடிமட்டத்தோடு உட்கார்ந்து சங்கதி தேடுகிறார்.

தேடுவதோடு விடவும் மாட்டார். கேட்டுவிடுவார். ஒருமுறை கலியாண அட்டைக்கு வந்த ஒரு அன்ரியிடம், பெண்ணின் சகோதரர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மூத்தவருக்கும் இவவுக்கும் இடையிலை வேறை ஆரும் இல்லையோ?" என்று சாதாரணமாகக் கேட்டார். அந்த அன்ரி கதிரையில் இருந்து அழத் தொடங்கியவர் அரை மணித்தியாலம் அழுதார். முதலாளி அண்ணையை உள்ளே கூப்பிட்டு ஏசினார். வெளியே வந்து பிளேன்ரீ ஊற்றிக் குடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். அன்றைக்கு எனக்கும் அவர் மேல் கோபம்தான்.

ஆனால் இன்னொரு நாள் இருக்கிறது. தாய் செத்துப்போன ஒருவர் அறிவித்தல் கொண்டுவந்தார். நாலு பிள்ளைகளின் பெயர். "வேறை ஆரும் இல்லையோ?" என்றார் இவர். வந்தவர் முறைத்துவிட்டு வெளியே போனார். காருக்குள் போய் இருந்தவர் சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். கடைசித் தம்பி ஒருவன், ஊரில் போர் முடிந்த நேரத்தில் காணாமற் போனவன். அவன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. போடாமல் விட்டால், எங்கே அவன் என்று சனம் கேட்கும். அதனால் பெயரையே விட்டுவிட்டார்கள். அண்ணை தாளைத் தன் பக்கம் திருப்பி, "பேரை மட்டும் போடுவம். முன்னுக்கு ஒண்டும் வேண்டாம். கேக்கிறவை கேக்கட்டும்" என்றார். வந்தவர் தலையாட்டினார். நான் அந்தப் பெயரைத் தட்டினேன்.

வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் அவர் ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்தியதில்லை. இதையும் சொல்ல வேண்டும். கேட்பார், நச்சரிப்பார், ஆனால் அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "நாங்கள் அச்சடிக்கிற ஆக்கள். அவை தந்ததுதான் வரும்" என்று எழுதாத சட்டம் ஒன்று வைத்திருந்தார். திருத்திய தாளின் மூலையில் தன் கையெழுத்தைச் சின்னதாக வைத்துத்தான் அச்சுக்குத் தருவார்.

அவர் பார்க்டேலில் இருந்தார். எங்கள் சனம் எண்பதுகளில் வந்திறங்கிய இடம். பிறகு எல்லோரும் ஸ்காபரோவுக்கு வந்தோம், ஸ்காபரோ நிரம்பியதும் என்னைப் போன்றவர்கள் விட்பிக்குப் போனோம். அவர் மட்டும் நகரவில்லை. தண்டவாளத்தில் ஓடும் தெருக்கார், சப்வே, பஸ் என்று மூன்று மாறி ஒன்றேமுக்கால் மணித்தியாலம் வந்து வேலை செய்து, அதே தூரம் திரும்பிப் போவார். "இஞ்சாலை வந்திருக்கலாமே அண்ணை" என்றால், "அவவுக்கு அங்கை பழகிப்போச்சு" என்பார். அவ என்பது அவருடைய மனைவி. நான் அவரைக் கண்டது இரண்டு தரம். மெல்லிய, அதிகம் பேசாத மனுசி. அங்கே ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் இருபது வருடம் வேலை செய்தவர். பிள்ளைகள் இல்லை. அவர் இறந்தபோது அறிவித்தலை அண்ணை எனக்குத் தராமல் தானே தட்டினார். நான்தான் பிழை பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. நாலே வரி.

நாலு வருடத்துக்கு முந்திய ஒரு குளிர்காலத்தில் மிஸ்ஸிஸ் ஹாலம் வந்தார். பிளாசாவுக்குப் பின்னால் இருக்கும் முதியோர் கட்டடத்தில் குடியிருந்தவர். எண்பத்தாறு வயது. உருட்டித் தள்ளும் நடைவண்டியின் கூடையில் ஒரு பெரிய கோப்பும், துவாயில் சுற்றிய ஒரு பழைய வேதப்புத்தகமும் இருந்தன. குடும்ப வரலாறு ஒன்று எழுதியிருக்கிறாராம். ஆடி மாதம் அமெரிக்காவில் குடும்பம் முழுவதும் கூடுகிறது, அதற்கு அறுபது பிரதிகள் வேண்டுமாம். ஆங்கிலப் புத்தகமா என்று முதலாளி தயங்கினார். அண்ணை கோப்பை வாங்கித் தன் மேசையில் வைத்துவிட்டார்.

மிஸ்ஸிஸ் ஹாலத்தின் கொள்ளுத்தாத்தா இலாயஸ் மெர்ட்டன். விட்பிப் பக்கத்துப் பண்ணைகளில் ஒன்றில் கூலிக்கு உழுதவர். இப்போது என் வீடு நிற்கும் இடத்திலும் உழுதிருக்கலாம். சொந்தக் காணி கிடைக்காததால் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ரயிலிலும் பிறகு மாட்டு வண்டியிலுமாக டகோட்டாப் பிரதேசத்துக்குப் போனார். அமெரிக்க அரசு அப்போது நூற்றறுபது ஏக்கர் சும்மா கொடுத்தது. ஐந்து வருடம் அதிலேயே குடியிருந்து உழுது காட்ட வேண்டும், அவ்வளவுதான். மரமில்லாத வெளி. புல்லோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி முழுக்க அவருடைய மற்றப் பிள்ளைகள் அந்த மண் வீட்டில்தான் பிறந்தார்கள். மொத்தம் ஏழு பிள்ளைகள் என்று மிஸ்ஸிஸ் ஹாலம் எழுதியிருந்தார்.

முதல் பக்கத்தின் முதல் வசனம், இலாயஸ் யாருமே இல்லாத வெளியில் வந்து இறங்கினார் என்று இருந்தது. அண்ணை அடிமட்டத்தை அதற்குக் கீழே வைத்தார். அதற்கு மேல் அன்றைக்கு அடிமட்டம் நகரவில்லை.

"ஆருமே இல்லையாமோ?" என்றார் என்னிடம்.

"அண்ணை, உது அவையின்ரை கதை. எங்களுக்கென்ன" என்றேன்.

"ஆள் இல்லாத காணியை அரசாங்கம் ஏன் பிள்ளை ஓடி ஓடிக் குடுக்குது?"

மிஸ்ஸிஸ் ஹாலம் தேதிகள் சில உறுதியாகவில்லை என்றும், கணினியில் தேட யாராவது உதவினால் நல்லது என்றும் சொல்லியிருந்தார். அவ்வளவு போதும் இவருக்கு. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கக் கணினியோடு போனது. சனிக்கிழமைகளில் நூலகம். பழைய குடிசன மதிப்புக் கணக்கெடுப்பு, தேவாலயப் பதிவேடு, காணிப் பத்திரம், சின்ன ஊர்ப் பத்திரிகைகள் என்று எல்லாம் படமாக்கி வைத்திருக்கிறார்கள். செத்து நூறு வருடமான வெள்ளைக்காரரின் மரண அறிவித்தல்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் என் இடியப்பத்தைச் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் மூன்று வாரம் வீணாய்ப் போனது. இலாயஸின் தகப்பனைக் கண்டுபிடிக்க, விட்பிப் பக்கத்துப் பதிவேடுகளில் மெர்ட்டன் என்று பெயர் வைத்த ஒரு மனிதனைத் தேடியிருக்கிறார். எங்களுக்குத் தகப்பனின் பெயர்தானே கடைசிப் பெயர். இலாயஸ் மெர்ட்டன் என்றால் மெர்ட்டனின் மகன் இலாயஸ்.

"அண்ணை, முப்பது வருசமா கனடாவிலை இருக்கிறியள். அவையளுக்கு அது குடும்பப் பேரெல்லோ."

"தெரியும், பிள்ளை. தெரிஞ்சும் கை அப்பிடித்தான் போகுது." கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி முதலில் இருந்து தொடங்கினார்.

மாசி மாதம் ஒருநாள் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டார். ஒன்று வேதப்புத்தகத்தின் முன்பக்கப் பிரதி. அதில்தான் அந்தக் காலத்தில் குடும்பத்தின் பிறப்புகளை எழுதுவார்கள். ஏழு பிள்ளைகள். மற்றது, வறட்சியால் பல வருடம் பிந்திப்போன காணி உறுதிக்காக, இரண்டு அயலவர் சாட்சியோடு இலாயஸ் எழுதிக் கொடுத்த பத்திரம். குடும்பத்தில் யார் யார் என்ற கேள்விக்கு, மனைவியும் எட்டுப் பிள்ளைகளும் என்று இருந்தது.

"காணி வாங்கேக்கை எட்டு. கடவுளுக்கு முன்னாலை ஏழு" என்றார்.

மிஸ்ஸிஸ் ஹாலம் அதைக் கிளாக்கரின் பிழை என்று நினைத்திருந்தார். அண்ணை வேதப்புத்தகத்தின் மூலத்தைக் கேட்டு வாங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இரண்டாவது பிள்ளைக்கும் மூன்றாவது பிள்ளைக்கும் இடையில் ஒரு வரி அகலம் வெறுமையாக இருந்தது. அந்த இடத்துத் தாளில் நார் எழும்பியிருந்தது. காகிதத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அது தெரியும். எழுதிய மையைக் கத்தியால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

மிஸ்ஸிஸ் ஹாலம் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "என் தாத்தா இந்தப் புத்தகத்தை ஒவ்வொரு ஞாயிறும் வாசிப்பார்" என்று மட்டும் சொன்னார். ஆங்கிலத்தில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

விடுபட்ட பிள்ளையின் பெயர் மார்த்தா. குடிசன மதிப்பில் பன்னிரண்டு வயதில் இருக்கிறாள். அடுத்த மதிப்பில் இல்லை. கல்லறையும் இல்லை. பங்குனியில் அவளை ஒரு மிஷன் கோயிலின் திருமணப் பதிவில் கண்டுபிடித்தார் அண்ணை. மார்த்தா மெர்ட்டனுக்கும் ஜோசப்புக்கும் திருமணம். ஜோசப்புக்கு வேறு பெயர் இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடி, டகோட்டா இனத்தவன் என்று பாதிரியார் எழுதியிருந்தார். இலாயஸ் வந்து இறங்கிய வெளியில் இல்லாமல் இருந்தவர்களில் ஒருவன்.

"குடும்பப் பெயர் இல்லையே" என்றார் மிஸ்ஸிஸ் ஹாலம். அலைச்சலின் களைப்பும் கொஞ்சம் நிம்மதியும் கலந்து கேட்டது. "இதற்கு மேல் தேட முடியாது. எல்லோரும் இப்படி ஒரு இடத்தில் நின்றுவிடுவார்கள்."

அண்ணை சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் கண்டதில்லை. "பிரச்சினை இல்லை. பிள்ளைகளின் கடைசிப் பெயர் ஜோசப்" என்றார்.

"அது அவனுடைய முதற் பெயர்."

"ஓம். என் கடைசிப் பெயர் என் தகப்பனுடைய முதற் பெயர்." என்னைக் காட்டினார். "இவவின் கடைசிப் பெயர் இவவின் புருசனுடைய முதற் பெயர். எங்கள் வீடுகளில் ஒரு வீட்டுக்குள் மூன்று கடைசிப் பெயர் இருக்கும். தபால்காரருக்குத்தான் கஷ்டம்."

மூன்று வாரத்தைத் தின்ற அதே பிழையை இந்த முறை வேண்டுமென்றே செய்தார். ஜோசப் என்ற கடைசிப் பெயரோடு அந்தப் பக்கத்தில் யார் யார் என்று தேடினார். ஒரு மத்தியானம்தான் எடுத்தது. மார்த்தா ஜோசப், நாலு பிள்ளைகள், இலாயஸின் காணியிலிருந்து சில மைல் தூரத்தில். பிறகு அவளுடைய மரண அறிவித்தல். மங்கிப்போன பத்திரிகைத் துண்டு. எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்திருக்கிறாள். அதை அச்சிட்டு எடுத்து அடிமட்டத்தை முதல் வரிக்குக் கீழே வைத்தார்.

"வாசியுங்கோ, பிள்ளை."

இலாயஸ் மெர்ட்டனின் மகள் மார்த்தா என்று தொடங்கியது.

"அவையள் சுரண்டி எடுத்துப்போட்டினம். அவ அப்பன்ரை பேரை முதல் வரியிலை போட்டிருக்கிறா" என்றார். தேநீர் ஊற்றப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

எனக்கு அப்போது அவருடைய மனைவியின் அறிவித்தல் ஞாபகம் வந்தது. அந்த நாலு வரியில் ஒன்று, காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மருமகளும் என்று அண்ணையின் பெற்றோரின் பெயரோடு இருந்தது. அது எல்லா அறிவித்தலிலும் வரும் வரிதானே என்று நினைத்திருந்தேன். அப்போதும் அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

மிஸ்ஸிஸ் ஹாலம் ஒரு வாரம் வரவில்லை. வந்தபோது களைத்திருந்தார். கோட்டைக் கழற்றாமல் இருந்தார். "புத்தகத்தை நான் தந்தபடியே அடியுங்கள்" என்றார். "ஏழு பிள்ளைகள்."

அண்ணை அடிமட்டத்தைக் கோப்பின் மேல் வைத்தார்.

"என் ஒன்றுவிட்ட சகோதரன்தான் இப்போது அந்தக் காணியில் இருக்கிறான். வேலிக்கு அந்தப் பக்கத்து டகோட்டா ஆட்களோடு அவனுக்கு வருடக்கணக்காக வழக்கு. அந்த ஆட்கள் சொந்தக்காரர் என்று நான் புத்தகம் அடித்துக் கொண்டுபோனால் சாப்பாட்டு மேசையில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள். எனக்கு எண்பத்தாறு வயது. இவர்களைக் கடைசியாகப் பார்க்கப் போகிறேன்."

நச்சரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அண்ணை ஒரு தரம்தான் கேட்டார். "அந்தப் பிள்ளையின் பெயர் மட்டும்? வேறு ஒன்றும் வேண்டாம். பெயர்?"

மிஸ்ஸிஸ் ஹாலம் தலையை ஆட்டினார், முடியாது என்று.

"சரி. உங்கள் புத்தகம்" என்றார் அண்ணை. அன்று பின்னேரமே ஏழு பெயரையும் தானே கோத்தார். எல்லாப் பக்கத்தின் மூலையிலும் கையெழுத்து வைத்தார். யாருமே இல்லாத வெளி என்ற வசனமும் அப்படியே போனது.

அறுபது பிரதிகளையும் எடுத்துப் போக வந்த அன்று, மிஸ்ஸிஸ் ஹாலம் ஒரு பிரதியைத் திறந்து, பிள்ளைகளின் பெயர் இருந்த பக்கத்தை அண்ணை பக்கம் திருப்பினார். "இது என்னுடைய பிரதி. நீங்கள் எழுதுங்கள். பென்சிலால்" என்றார். தன் கை நடுங்குமாம். அண்ணை பென்சிலைக் கூராக்கி இரண்டாவது பெயருக்கும் மூன்றாவது பெயருக்கும் நடுவில் மார்த்தா என்று எழுதினார். மிஸ்ஸிஸ் ஹாலம் அவருடைய கையைப் பிடித்தார். பிறகு நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நானும் முதலாளியும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம்.

"பென்சில்" என்றேன் திரும்பி வந்து. எனக்கு அந்த மனுசி மேல் ஆத்திரம்.

"பென்சில் எண்டாலும் பேர்தானே, பிள்ளை" என்றார்.

அன்று இந்த நாட்டுச் சித்திரைக்கே உரிய ஈரப் பனி கொட்டியது. பஸ் வரவில்லை. நான் அவரைக் காரில் சப்வேக்குக் கொண்டுபோய் விட்டேன். சிவப்பு விளக்கு ஒன்றில் நிற்கும்போது, வெளியே பார்த்தபடி, "நீங்கள் புதுசா வேலைக்கு வந்த வருசம் ஒரு அறிவித்தல் தட்டினீங்கள். நினைவிருக்கோ தெரியாது. லண்டனிலை இருந்து, இஞ்சை இருக்கிற சொந்தக்காரருக்கு எண்டு வந்தது. நாலு பிள்ளையள்" என்றார்.

நினைவிருந்தது. அது நான் தட்டிய முதல் அறிவித்தல்களில் ஒன்று. அவர் வழக்கம்போல அடிமட்டத்தை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, ஆள் குறையுது என்றார். நான் புதியவள், அவசரம் வேறு. "அண்ணை, உங்களுக்கு எல்லாத்திலையும் ஆள் குறைஞ்சுதான் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு தேதி ஒன்றில் பிழை காட்டித் திருத்தி, மூலையில் கையெழுத்து வைத்துத் தந்தார்.

"அஞ்சு பிள்ளையள்" என்றார் காருக்குள். "மூத்தவனை விட்டிட்டினம். அப்பா செத்ததை நான் அதைப் பாத்துத்தான் அறிஞ்சனான்."

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். நான் காரை எடுத்தேன். இறந்தவரின் பெயர் இவருடைய கடைசிப் பெயர்தான். ஆனால் ஊரில் அந்தப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும், எனக்கு அது உறைக்கவே இல்லை.

"ஏன் அண்ணை சொல்லேல்லை? ஒரு பேரைச் சேர்க்க எனக்கு எவ்வளவு நேரம்?"

"அவை தந்ததுதானே வரவேணும்." பக்கத்துக் கண்ணாடியின் ஈரத்தைக் கையுறையால் துடைத்தார். "அவவைக் கலியாணம் முடிச்சதுக்குத்தான். எங்கடை ஆக்கள் இல்லை எண்டு சொன்னவை. நான் வா எண்டு கேட்டு வந்தவ, பிள்ளை. அவவிலை என்ன பிழை? ஒருத்தரும் அவவின்ரை பேரைச் சொல்லி ஒரு தேத்தண்ணி குடுக்கேல்லை."

எங்கள் சனம் விட்டுப் போன பிறகும் அவர்கள் ஏன் பார்க்டேலிலேயே இருந்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இறங்கும்போது, "களைச்சுப் போனன்" என்றார். வேறு எந்த நாளிலும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க, நான் சிரித்த அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது. இப்போதும் இருக்கிறது.

போன மாசியில் அவர் இறந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில். நாலாம் நாள் நான் போனபோது கட்டிலை மாற்றிவிட்டிருந்தார்கள். முதலாளி யார் யாரையோ பிடித்து லண்டனுக்குச் செய்தி சொன்னார். அடுத்த நாள் அறிவித்தல் வந்தது. அவருடைய இரண்டாவது தம்பி அனுப்பியிருந்தார். மூன்று தம்பிமாரும் தங்கையும் பயணச்சீட்டு எடுத்துவிட்டார்களாம், வருகிறார்களாம்.

காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் சிரேஷ்ட புத்திரரும், நால்வரின் பாசமிகு சகோதரரும் ஆவார் என்று இருந்தது. மைத்துனிமார் பெயர், மருமக்கள் பெயர், அவர் முகமே அறியாத, தம்பிமார் வழிப் பேரப்பிள்ளைகளின் பெயர் எல்லாம் இருந்தன. இப்போது அவர் அவர்களுடைய மூத்தவர். கணவரும் என்று ஒரு வரி இல்லை.

அவருடைய மேசை லாச்சியைத் திறந்து அடிமட்டத்தை எடுத்தேன். வரி வரியாக இறக்கினேன். சும்மா சடங்குக்குத்தான், எனக்கு முதலிலேயே தெரியும். பிறகு பெற்றோரின் வரிக்குக் கீழே, காலஞ்சென்ற தவமலரின் அன்புக் கணவரும் என்று தட்டினேன். பன்னிரண்டு வருடத்தில் வாடிக்கையாளர் தராத ஒரு சொல்லை நான் சேர்த்தது அதுதான் முதல் தரம். பார்வைக்கு லண்டனுக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் அந்தத் தம்பியிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தங்கச்சி, இதிலை ஒரு வரி கூட இருக்கு. நாங்கள் தரேல்லை. ஆர் போட்டது?"

"நான்தான் போட்டன்."

"அதை எடுத்துப்போட்டுப் போடுங்கோ. ஊரிலை ஆக்கள் பாப்பினம். எல்லாம் முடிஞ்ச கதை, இப்ப ஏன் கிளறுவான்?"

"எடுக்கேலாது."

"என்னெண்டு எடுக்கேலாது? எங்கடை அறிவித்தல்தானே?"

அது சரிதான். அண்ணையின் சட்டப்படியும் அது சரி. அடிமட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கடை அப்பா தவறின நேரம் நீங்கள் அறிவித்தல் இஞ்சைதான் அனுப்பினீங்கள். நாலு பிள்ளையள் எண்டு. நான்தான் தட்டினனான். பிழை பாத்தது ஆர் தெரியுமோ? உங்கடை அண்ணைதான்."

மறுமுனையில் கதிரை நகரும் சத்தம் கேட்டது.

"அவர் அதைப் பாத்தவரோ?"

"பாத்தவர். அப்பா செத்ததே அதிலைதான் தெரிஞ்சதாம். ஆள் குறையுது எண்டு என்னட்டைச் சொன்னவர். நான் விளங்காமல் சிரிச்சனான். பிறகு நீங்கள் போட்ட தேதி ஒண்டு பிழை, அதைத் திருத்திப்போட்டு, கையெழுத்து வைச்சுத் தந்தவர். தன்ரை பேரைச் சேர்க்கேல்லை. அவை தந்ததுதான் வரவேணும் எண்டு சொன்னவர்."

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவருக்கும் அறுபது தாண்டியிருக்க வேண்டும்.

"தங்கச்சி" என்றார். "அந்தப் பேரை ஒருக்கா வாசியுங்கோ."

"தவமலர்."

"தவமலர்" என்று திருப்பிச் சொன்னார். புதிதாகக் கேட்கும் பெயரைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "எங்களுக்கு அவவின்ரை பேர் தெரியாது. ஒருநாளும் கேக்கேல்லை."

நான் அந்த வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்தேன்.

"இருக்கட்டும்" என்றார். "போடுங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டு, தாளை அச்சிட்டு எடுத்து, அடிமட்டத்தை மறுபடி முதல் வரியில் வைத்துக் கடைசி வரை இறக்கினேன். பிறகு மூலையில், அவர் வைக்கும் இடத்தில், என் கையெழுத்தை வைத்து அச்சுக்குக் கொடுத்தேன்.